சி. பச்சையப்பன் போட்ட பாட்டு

பச்சையப்பனின் அப்பா பெயர் சின்னசாமி. ஆகவே பிள்ளைக்கு இனிஷியல் சி. பிள்ளை வளர்ந்து கம்ப்யூட்டர் படித்து, ஆம்பூருக்கு இந்தப் பக்கம் நெடுஞ்சாலை ஓரமாக இருந்த ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் சி மொழி நடத்தும் ஆசிரியராகச் சேர்ந்தபோது, இதெல்லாம் தற்செயல் என்று யார் சொல்லியும் அவர் ஒப்புக்கொள்ளவில்லை. "என் பேருக்கு முன்னாடியே சி நிக்குதுப்பா" என்று ஒவ்வோர் ஆண்டும் முதல் வகுப்பில் சொல்வார். புதுப் பிள்ளைகள் மரியாதைக்காகச் சிரிப்பார்கள். மரியாதை தேய்ந்த பிறகு அவர்களே அவருக்கு 'சி பச்சை' என்று பெயர் வைத்துவிடுவார்கள். அதுவும் அவருக்குப் பெருமைதான்.

கல்லூரியின் சேர்மன் கவுஸ் பாஷா. மேல்விஷாரத்தில் ஒரு தோல் ஷெட்டில் தொடங்கி, ஆம்பூரில் ஷூ தொழிற்சாலை வரைக்கும் வந்தவர். ஊரில் ஆளாளுக்கு இன்ஜினியரிங் கல்லூரி கட்டிய காலத்தில் அவரும் ஒன்று கட்டினார். உண்மையில் அந்தக் கட்டடத்துக்கு இன்னொரு ஷூ தொழிற்சாலை என்று சொல்லித்தான் கடைக்கால் போட்டிருந்தார்கள். பாதியில் திட்டம் மாறியது, வரைபடம் மாறவில்லை. அதனால் வகுப்பறைகள் தையல் கூடம் போல நீளமாக இருந்தன. ஆசிரியரின் குரல் கடைசி பெஞ்சு வரை போகாது. கடைசி பெஞ்சில் இருந்தவர்கள் யாரும் இதைப் பற்றிப் புகார் சொன்னதில்லை.

இந்த நீளமான அறைகளில் பச்சையப்பன் இருபது வருடமாகச் சி நடத்தினார். எண் ஒற்றைப்படையா இரட்டைப்படையா, வட்டத்தின் பரப்பளவு என்ன, ஒரு சொல்லைத் திருப்பிப் படித்தால் அதே சொல் வருமா. இதைத்தான் அவருடைய புரோகிராம்கள் கண்டுபிடித்தன. வட்டத்தின் பரப்பளவு தெரியாமல் அந்த வட்டாரத்தில் யாரும் அவதிப்பட்டதாகத் தகவல் இல்லை. ஆனால் அவர் வாயைத் திறந்தால் வேறு பேச்சு. "ராக்கெட்டு, ரயிலு, ஏடிஎம்மு, எல்லாத்துக்கும் அடியில பாத்தீங்கன்னா சிதான். சி-ல முடியாதது இன்னா இருக்குது?" என்பார்.

முடியாததைத் தேடி ஒரு பெண் வந்தாள். முதல் வரிசையில் உட்காரும் ஆஃப்ரீன். அன்றைக்கு அவர் வழக்கம்போல ராக்கெட்டில் ஏறி இறங்கியதும் கையைத் தூக்கினாள்.

"சார், சி-ல பாட்டு போட முடியுமா?"

"இன்னா பாட்டு?"

"இன்னா பாட்டுன்னாலும் சரி சார். கம்ப்யூட்டர்ல பாட்டு ஃபைல் இருக்குதுல்ல, அத நம்ம எழுதுற புரோகிராம் எடுத்துப் பாடுமா?"

ராக்கெட்டை விண்ணுக்கு ஏற்றியவர் இதற்கு மட்டும் முடியாது என்று எப்படிச் சொல்வார்?

"பாடும்."

"எப்படி சார்?"

"அது செகண்ட் இயர்ல வரும்."

தெரியாத எதுவும் இரண்டாம் ஆண்டில் வரும் என்பது அந்தக் கல்லூரியின் நடைமுறை. இரண்டாம் ஆண்டு ஆசிரியர்கள் அதே கேள்விக்கு, "இத ஃபர்ஸ்ட் இயர்லயே பாத்திருக்கணுமே" என்பார்கள். கேள்வி நடுவில் எங்கேயோ விழுந்து செத்துப்போகும். இந்தக் கேள்விக்கும் அதே கதிதான் நேர்ந்திருக்கும். ஆனால் அந்த நேரம் பார்த்து முதல்வர் சம்பூர்ணம் மேடம் வராந்தாவில் போய்க்கொண்டிருந்தார்.

கல்லூரிக்கு மதிப்பீட்டுக் குழு ஒன்று வருவதாக இருந்தது. மூன்று பேர் வருவார்கள், சுற்றிப் பார்ப்பார்கள், கல்லூரிக்கு ஒரு கிரேடு கொடுப்பார்கள். "உங்கள் கல்லூரியில் புதுமை என்ன?" என்பது அவர்கள் கட்டாயம் கேட்கும் கேள்வி என்று மேடத்துக்குத் தகவல். அதிலிருந்து அவர் புதுமையைத் தேடி வராந்தா வராந்தாவாக நடந்துகொண்டிருந்தார். மழைநீர்த் தொட்டி இருந்தது, ஆனால் எல்லாக் கல்லூரியிலும் இருந்தது. மூலிகைத் தோட்டம் வைத்தார்கள், பக்கத்து ஊர் ஆடுகள் அதன் மருத்துவ குணத்தை முழுமையாக அனுபவித்துவிட்டன. இந்த நிலையில்தான் 'பாடும்' என்ற சொல் மேடத்தின் காதில் விழுந்தது.

சாயங்காலம் பச்சையப்பனைக் கூப்பிட்டார்.

"சி-ல பாட்டு பாட வைப்பீங்களாமே?"

"அது வந்து மேடம், தியரிட்டிக்கலா..."

"வச்சிடுங்க. புது லேப் திறப்பு விழாவுக்கு கமிட்டிய அழைச்சினு வர்றோம். தலைவர் பட்டன அமுத்தணும், நம்ம ஸ்டாஃப் எழுதுன புரோகிராம் நம்ம காலேஜ் பாட்ட பாடணும். சேர்மன் கிட்ட சொல்லிட்டேன்."

புது லேப் என்பது பழைய லேப்தான். சுவருக்கு மட்டும் வெள்ளையடித்திருந்தார்கள். ஆனால் கல்லூரிப் பாட்டு விளையாட்டு விஷயமில்லை. தமிழ்த்துறை எழுதி, சேர்மனுடைய மச்சான் உமர் ஃபாரூக் வேலூர் போய் ஸ்டூடியோவில் பாடிப் பதிவு செய்த பாட்டு. பன்னிரண்டு சரணம். பாலாறு பொங்கிப் பாயும் நாடு என்று தொடங்கும். கல்லூரிக்குப் பின்னால் அந்த ஆற்று மணலில் பையன்கள் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருப்பார்கள். இரண்டாவது வரி இப்படி வரும்:

'எங்கள் கல்லூரி எமக்கு ஈந்தது அறியாமை
இருளை நீக்கும் அறிவுச் சுடரே.'

எழுதியவர் வரியை மடக்கிய இடம் சரியில்லை. பாடியவர் அந்த இடத்திலேயே நின்று, 'அறியாமை' என்ற சொல்லை இழுத்து இழுத்துக் கமகம் கொடுத்து, மூச்சு வாங்கிக்கொண்டுதான் அடுத்த வரிக்குப் போவார். சேர்மனின் மச்சான் மூச்சு வாங்குவதை யாரும் திருத்த முடியாது.

பச்சையப்பன் லேபில் உட்கார்ந்தார். லேப் உதவியாளர் கலீமுல்லா கதவைத் திறந்துவிட்டு, வெளியே ஸ்டூலைப் போட்டுக்கொண்டார். லேபில் இருந்தது, எழுதிய புரோகிராமைக் கம்ப்யூட்டர் பாஷைக்கு மாற்றித்தரும் பழைய நீலத்திரைக் கம்பைலர். அதில் 'சவுண்ட்' என்று ஒரு கட்டளை இருப்பதைப் பச்சையப்பன் பாடப்புத்தகத்தின் கடைசிப் பக்கங்களில் கண்டுபிடித்தார். ஓர் எண்ணைக் கொடுத்தால் கம்ப்யூட்டர் அந்தச் சுருதியில் கத்தும். ச, ரி, க, ம ஒவ்வொன்றுக்கும் எண் தேடிப் போட்டு, பாலாறு பொங்கிப் பாய்வதைக் கஷ்டப்பட்டு அமைத்தார். ஓடவிட்டார். 'ப்பீங் ப்பீங் ப்பீங்' என்றது.

கலீமுல்லா தலையை நீட்டினார். "சார், காலேஜ் பஸ்ஸ எவனோ ரிவர்ஸ் எடுக்குறான் போல. பாத்துட்டு வந்துடறேன்."

அது கைவிடப்பட்டது. அடுத்து ஒரு குறுக்கு வழி கிடைத்தது. நம்முடைய புரோகிராம் பாட வேண்டியதில்லை. விண்டோஸில் ஏற்கெனவே இருக்கிற பாட்டுப் பெட்டியைக் கூப்பிட்டு, இந்த ஃபைலைப் பாடு என்று ஏவிவிடலாம். ஒரே ஒரு வரி. மேடத்தை அழைத்துக் காட்டினார். திரையில் பாட்டுப் பெட்டி எழுந்து வந்தது, தன்னைப் புதுப்பித்துக்கொள்ளலாமா என்று கேட்டது, பிறகு பாடியது.

"இப்ப பாடுறது நம்ம புரோகிராமா, அதுவா?" என்றார் மேடம்.

"நம்ம புரோகிராம் சொல்லுது, அது பாடுது மேடம்."

வேலையை இன்னொருவர் தலையில் ஏவுவது அந்தக் கல்லூரியில் மேலிருந்து கீழ்வரை நடப்பதுதான். ஆனாலும் மேடம் ஏற்கவில்லை. "நம்மளே பாடணும் சார். புதுமைன்னா நம்மளே பாடணும்."

அன்றிலிருந்து பச்சையப்பனுக்குச் சோறு இறங்கவில்லை. புதுக் கம்பைலர் ஒன்றை இறக்கிப் போட்டார். விண்டோஸிடமே 'பிளேசவுண்ட்' என்று ஒரு கட்டளை இருக்கிறது, சி-யில் இருந்து நேராக அதைக் கூப்பிடலாம் என்று இணையத்தில் யாரோ முகம் தெரியாத புண்ணியவான் எழுதி வைத்திருந்தான். ஆனால் அது வேவ் வகை ஃபைலைத்தான் பாடும். கல்லூரிப் பாட்டோ எம்பி3. பச்சையப்பன் யோசித்தார். ஃபைல் பெயரின் வாலில் இருந்த எம்பி3 என்பதை அழித்து, வேவ் என்று எழுதினார். வேலை முடிந்தது என்று நினைத்தார்.

அந்த நேரத்தில் சேர்மனே லேபுக்கு வந்துவிட்டார். வெள்ளை ஜிப்பா, அத்தர் வாசனை, கையில் ஆற்காடு மக்கன் பேடா பெட்டி. பாட்டு கேட்டுவிட்டு எல்லோருக்கும் கொடுக்கலாம் என்ற ஏற்பாடு.

"போடுங்க பச்சையப்பன் சார், கேக்கலாம்."

பச்சையப்பன் எண்டர் தட்டினார். 'டிங்' என்றது. அவ்வளவுதான். பாட முடியாத ஃபைல் கிடைத்தால் அந்தக் கட்டளை அழாது, புலம்பாது, ஒரு டிங் சொல்லிவிட்டுப் போய்விடும்.

"பாட்டு சின்னதாயிடுச்சே?" என்றார் சேர்மன்.

பச்சையப்பன் விவரம் சொன்னார். சேர்மன் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"அப்ப ரெக்சின் மேல லெதர்னு சீல் குத்தியிருக்கீங்க."

"அப்படித்தான் சார்."

"நாங்களும் ஒரு காலத்துல ட்ரை பண்ணோம். சரக்கு வாங்க வந்த பையர் மோந்து பாத்துட்டான்" என்று சொல்லிவிட்டு, பேடா பெட்டியைக் கையோடு எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

ஃபைலை முறைப்படி மாற்றியாயிற்று. இப்போது டிங்கும் வரவில்லை. ஒரு சத்தமும் இல்லை. புரோகிராம் ஓடியது, எந்தப் பிழையும் காட்டவில்லை, முடிந்தும்விட்டது. ஆனால் லேபில் மின்விசிறிச் சத்தம்தான் கேட்டது. பச்சையப்பன் ஸ்பீக்கரைத் தட்டினார், ஒயரைப் பிடுங்கிச் செருகினார், கலீமுல்லாவை விட்டு மெயின் சுவிட்சைப் பார்க்கச் சொன்னார். கோளாறு ஒயரில் இல்லை. விண்டோஸிடம் 'நீ பாடிக்கொண்டிரு' என்று சொல்லிவிட்டு, அடுத்த நொடியே அவருடைய புரோகிராம் கடையைச் சாத்திக்கொண்டு போய்விட்டது. வித்வானை மேடையில் உட்காரவைத்துவிட்டுப் பந்தலையே பிரித்துக்கொண்டு போனால் எப்படிப் பாடுவார்? புரோகிராம் போகாமல் இருக்க வேண்டும். அதற்குப் பச்சையப்பனுக்குத் தெரிந்த ஒரே வழி, 'யாராவது ஒரு கீயைத் தட்டும் வரை காத்திரு' என்று கடைசியில் ஒரு வரி சேர்ப்பது. சேர்த்தார்.

பாடியது.

உமர் ஃபாரூக்கின் குரல் வெள்ளையடித்த சுவர்களில் மோதி எதிரொலித்தது. பாலாறு பொங்கியது. பச்சையப்பன் பன்னிரண்டு சரணமும் உட்கார்ந்து கேட்டார். அந்தப் பாட்டை ஒருவர் தானாக விரும்பிக் கடைசிவரை கேட்டது அதுவே முதல்முறை. அவர் எழுதிய ஒரு புரோகிராம் எண்களைத் துப்பாமல் வேறொன்றைச் செய்ததும் அதுவே முதல்முறை. மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். ஸ்டூலில் இருந்த கலீமுல்லா தூசு என்று நினைத்துக்கொண்டு ஜன்னலைச் சாத்தினார்.

வீட்டுக்குப் போய் மனைவி ஜோதியிடம் சொன்னார். ஜோதி சேர்மனுடைய ஷூ தொழிற்சாலையில் தையல் லைன் சூப்பர்வைசர். அப்போதுதான் வேலை விட்டு வந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

"பாடிடுச்சு ஜோதி."

"எது?"

"நான் எழுதுனது."

ஜோதி பக்கத்தில் இருந்த போனை வெங்காயக் கையின் சுண்டுவிரலால் ஒரு தட்டுத் தட்டினாள். ஒரு சினிமாப் பாட்டு பாடியது. "இதுக்கா இத்தினி நாளா மூஞ்ச தூக்கி வச்சினு இருந்தீங்க?" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். அவர் மீதி வெங்காயத்தை உரிக்க உட்கார்ந்தார்.

விழா நாள் வந்தது. குழுவின் தலைவர் தூரத்துப் பல்கலைக்கழகம் ஒன்றிலிருந்து ஓய்வு பெற்ற பேராசிரியர். முழங்கால் வலி உள்ளவர், படியேறும்போதே தெரிந்தது. கூட இரண்டு உறுப்பினர்கள். பரிசுப்பொருள் எதுவும் வாங்கக் கூடாது என்பது விதி. ஆகவே மூவருக்கும் அசல் தோலில் செய்த பை கொடுத்து, அதற்குள் நாலு தாளை வைத்து, 'ஆவணங்கள்' என்று சொன்னார்கள். கீழே பிரியாணி அண்டா திறக்கக் காத்திருந்தது. வாசனை மாடி ஏறி வந்து குழுவோடு சேர்ந்து லேபைப் பார்வையிட்டது.

சம்பூர்ணம் மேடம் மைக்கில் விளக்கினார். தலைவர் எண்டர் தட்டினார். பாட்டு பொங்கி வந்தது. கல்லூரிப் பாட்டு என்பதால் எல்லோரும் எழுந்து விறைப்பாக நின்றார்கள். பச்சையப்பன் சுவரோரமாக, கல்யாண வீட்டில் பெண்ணின் தகப்பன் நிற்பது போலக் கைகட்டி நின்றார்.

அப்போது போட்டோகிராபர் நவீத் குனிந்து ஓடிவந்தான். "சார் சார், கண்ண மூடிட்டீங்க. இன்னொரு தபா அமுத்துங்க சார், அப்படியே சிரிச்சினு."

தலைவர் சிரித்துக்கொண்டே இன்னொரு தரம் அமுக்கினார்.

ஒரு கீயைத் தட்டும்வரை காத்திருக்கச் சொல்லி எழுதியிருந்தது அல்லவா? தட்டியாயிற்று. புரோகிராம் சொன்னபடி கடையைச் சாத்தியது.

"எங்கள் கல்லூரி எமக்கு ஈந்தது அறியாமை..."

அத்தோடு நின்றது. நின்றவர்கள் உட்காருவதா வேண்டாமா என்று தெரியாமல் பாதி மடங்கினார்கள். கடைசியில் நின்ற மாணவர் கூட்டத்திலிருந்து யாரோ, "கரெக்ட்டா சொல்லுதுடா" என்றது மைக் இல்லாமலே எல்லோருக்கும் கேட்டது.

பச்சையப்பன் ஓடிவந்து மறுபடி தயார்செய்து வைத்தார். தலைவர் அமுக்கினார். பாட்டு வந்தது. இந்தத் தடவை சேர்மனும் படத்தில் இருக்க வேண்டும் என்று நவீத் ஆளை நகர்த்தினான். "சேர்மன் சாப் கொஞ்சம் கிட்ட வாங்க. ஐயா, கை கீபோர்டு மேலயே இருக்கட்டும். அமுத்துற மாதிரி வைங்க." அமுக்குகிற மாதிரி வைப்பதற்கும் அமுக்குவதற்கும் உள்ள வித்தியாசம் கீபோர்டுக்குத் தெரியாது. மறுபடியும் கல்லூரி அறியாமையை ஈந்துவிட்டு நின்றது.

"இன்னா சார் இது?" சம்பூர்ணம் மேடம் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டார். முகம் மட்டும் குழுவைப் பார்த்துச் சிரித்தபடியே இருந்தது.

பச்சையப்பன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். இருபது வருடமாக அவர் கரும்பலகையில்தான் புரோகிராம் எழுதியிருக்கிறார். பலகை ஒருநாளும் எதிர்த்துப் பேசியதில்லை. இப்போது விழாவுக்கென்று கட்டிய பெரிய திரையில் அவருடைய புரோகிராம் எல்லோர் முன்னிலும் அம்மணமாக நின்றது. 'நீ பாடிக்கொண்டிரு, நான் போகிறேன்' என்று இருந்த இடத்தை, 'நீ பாடி முடிக்கும்வரை நான் நகரமாட்டேன்' என்று மாற்ற வேண்டும். கீயைத் தட்டக் காத்திருக்கும் கடைசி வரியை எடுக்க வேண்டும். மாற்றினார். கம்பைல் செய்தார். பிழை என்றது.

நூறு பிள்ளைகள் ஒரே குரலில் கத்தினார்கள்: "சார், செமிகோலன்!"

தன் மாணவர்களுக்குத் தன்னால் ஏதோ தெரிந்திருக்கிறது என்ற எண்ணம் அந்தக் களேபரத்திலும் அவருக்கு ஒரு குளிர்ச்சியைக் கொடுத்தது. வரிக் கடைசியில் விட்டுப்போன செமிகோலனைப் போட்டார். எண்டர் தட்டினார். பாட்டு வந்தது. நவீத் எத்தனை படம் எடுத்தும், தலைவர் எத்தனை தடவை கீயை அமுக்கியும் பாட்டு அசையவில்லை. 'அறியாமை'யைத் தாண்டி 'இருளை நீக்கும்' என்று வந்ததும் கைதட்டல் எழுந்தது.

பிறகுதான் சங்கடம் புரிந்தது. இரண்டாம் சரணம் முடிந்தது. மூன்றாம் சரணம் வந்தது. தோல் தொழிலின் சிறப்பு, ஆற்காட்டின் பழமை, அமிர்தி அருவியின் சாரல் என்று ஒவ்வொரு சரணமும் வட்டாரத்தின் ஒரு மூலையைத் தொட்டுத் திரும்பியது. எல்லோரும் நின்றுகொண்டிருந்தார்கள். தலைவர் ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாறி மாறி நின்றார். பிரியாணி வாசனை மெல்ல ஆறிக்கொண்டிருந்தது.

மேடம் பச்சையப்பனின் காதருகே வந்தார். "நிறுத்துங்க சார்."

"முடியாது மேடம். நிறுத்த முடியாத மாதிரிதான் இப்ப எழுதியிருக்கேன்."

"ப்ளக்க புடுங்குங்க."

"யூபிஎஸ் இருக்குது மேடம்."

பரீட்சை நாட்களில் ஒருநாளும் வேலை செய்யாத அந்த யூபிஎஸ் அன்றைக்கு உயிரைக் கொடுத்து உழைத்தது. ஸ்பீக்கர் ஒயரைப் பிடுங்கலாம் என்று யாருக்கும் தோன்றாமல் இல்லை. ஆனால் சேர்மன் கண்களை மூடி, தலையை ஆட்டி ரசித்துக்கொண்டிருந்தார். பன்னிரண்டாம் சரணம் முடிந்ததும் கண்ணைத் திறந்து, "மாஷா அல்லாஹ்" என்றார். தலைவர் நாற்காலியை எட்டிப் பிடித்தார்.

கல்லூரிக்கு எதிர்பார்த்ததைவிட ஒரு படி மேலான கிரேடு வந்தது. மாணவர்களிடம் காணப்படும் ஒழுக்கமும் அசாதாரணமான பொறுமையும் பாராட்டத்தக்கவை என்று குழு எழுதியிருந்தது. சேர்க்கை விளம்பரத்தில், 'செயற்கை நுண்ணறிவால் பாடும் கல்லூரி' என்று போட்டார்கள். நுண்ணறிவு எங்கே என்று பச்சையப்பன் கேட்டதற்கு, "சார், புரோகிராம்ல இல்லன்னா விளம்பரத்துல இருந்துட்டு போவட்டும்" என்றார் மேடம்.

சேர்மன் தொழில்காரர். ஓடுகிற சரக்கை ஒரே கடையில் வைத்திருக்கமாட்டார். ஷூ தொழிற்சாலைக்கு வெளிநாட்டுப் பையர்கள் வந்தபோது, உங்கள் தொழிலாளர்கள் மகிழ்ச்சியாக இருக்கிறார்களா என்று கேட்டிருந்தார்கள். மகிழ்ச்சிக்கு என்ன செய்வது என்று நிர்வாகம் கூடிப் பேசியது. மின்விசிறி கூட்டலாம் என்று ஒருவர் சொன்னார். பாட்டு போடலாம் என்று சேர்மன் சொன்னார். பாட்டு என்று முடிவாயிற்று. பச்சையப்பன் அனுப்பப்பட்டார்.

அங்கே மனிதவள மேனேஜர் சமீருல்லா. தையல் கூடத்தில் போனுக்குத் தடை. சுவர்க் கடிகாரம் நின்று வெகு காலம் ஆகியிருந்தது, அதை ஓடவைக்க அவர் அவசரப்படவில்லை. மணி தெரிந்தால் ஆட்கள் மணியைத்தான் பார்ப்பார்கள், மிஷினைப் பார்க்கமாட்டார்கள் என்பது அவர் கொள்கை. முதல் நாள் கல்லூரிப் பாட்டைப் போட்டார்கள். ஜோதியின் லைனில் இருந்த பெண்களின் கால் பெடலில் அந்தப் பாட்டின் வேகத்துக்கு இறங்கிவிட்டது. மத்தியானத்துக்குள் புரொடக்ஷன் படுத்துக்கொண்டது. "ஏங்க, இத எடுத்துடுங்க. ஊசி தூங்குது" என்று ஜோதியே வந்து சொன்னாள்.

வேறு பாட்டு என்றால் எந்தப் பாட்டு? ஒரு வரிசை உருதுக் கவாலி கேட்டது, ஒரு வரிசை குத்துப்பாட்டு கேட்டது, வயதான அம்மாக்கள் பழைய பாட்டு கேட்டார்கள். எதை முதலில் போட்டாலும் சண்டை. பச்சையப்பன் எல்லாப் பாட்டையும் ஒரே இடத்தில் கொட்டி, கம்ப்யூட்டரே கண்ணை மூடிக்கொண்டு ஒன்றைப் பொறுக்கட்டும் என்று எழுதினார். காலையில் வருகை குறிக்கும் டைம் ஆபீஸ் ஆள் ஷிப்ட் தொடங்கும்போது அதைத் தட்டிவிடுவார். பிறகு யாரும் யாரையும் குறை சொல்ல முடியாது. குறை சொல்ல வேண்டுமென்றால் கம்ப்யூட்டரைச் சொல்லிக்கொள்ள வேண்டும். கூடம் அமைதியானது. தையல் சூடு பிடித்தது.

சில வாரம் கழித்துத்தான் பச்சையப்பனுக்கு உறைத்தது. கண்ணை மூடிக்கொண்டு பொறுக்குவதற்கு முன்னால் சீட்டைக் குலுக்க வேண்டும். குலுக்கும் அந்த ஒரு வரியை அவர் எழுதவே இல்லை. அதனால் தினமும் கம்ப்யூட்டர் கண்ணை மூடிக்கொண்டு அதே பாட்டுகளை அதே வரிசையில்தான் பொறுக்கிக்கொண்டிருந்தது. மாணவர்கள் இதே தப்பைச் செய்தால் சிவப்பு மையில் பெரிய வட்டம் போட்டு மார்க் குறைப்பவர் அவர். வெட்கமாகிவிட்டது. சத்தமில்லாமல் போய்க் குலுக்கும் வரியைச் சேர்த்துவிட்டு வந்தார்.

மறுநாள் தையல் கூடம் கலங்கிப்போனது. ஒரு வரிசை டீ நேரத்துக்கு வெகு முன்னாலேயே எழுந்து நின்றது. இன்னொரு வரிசை சாப்பாட்டு மணி அடித்தும் எழவில்லை. கட்டிங் பிரிவில் இருந்து சரக்கு வந்து குவிந்தது. மாலையில் ஜோதி வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"அத இன்னாங்க பண்ணீங்க?"

"சரி பண்ணேன். இனிமே தெனமும் வேற வேற வரிசையில வரும்."

"எவன் உங்கள சரி பண்ண சொன்னது?"

அப்போதுதான் விஷயம் வெளியே வந்தது. ஷஹீன் பானு என்ற தையல்காரப் பெண்தான் முதலில் கவனித்திருக்கிறாள். அந்தக் கவாலி முடிந்தால் டீ. மழைப் பாட்டு வந்தால் சாப்பாட்டுக்கு இன்னும் அரை டஜன் ஜோடி தைக்க நேரம் இருக்கிறது. அந்தச் சோகப் பாட்டுக்கு அடுத்தது வந்தால் பஸ்ஸுக்குப் பையை எடுத்து வைக்கலாம். நின்றுபோன கடிகாரத்துக்குக் கீழே உட்கார்ந்து, கூடம் முழுக்கப் பாட்டால் மணி பார்த்துக்கொண்டிருந்தது. சமீருல்லாவுக்கு மட்டும் தெரியாது.

"பழையபடி பண்ணிடுங்க" என்றாள் ஜோதி. "தப்பாவே இருக்கட்டும்."

பச்சையப்பன் மறுநாள் முதல் பஸ்ஸில் ஆம்பூர் போனார். குலுக்கும் வரியை எடுத்தார். பழைய வரிசை வருகிறதா என்று டீ நேரம் நெருங்கும்வரை இருந்து கேட்டுவிட்டுத் திரும்பி நடக்கும்போது, கூடத்து வாசலில் சமீருல்லா பிடித்துக்கொண்டார்.

"நேத்து ஒரே பேஜார் சார். பாட்டுல ஏதோ கோளாறுன்னு லைன்ல சொல்றாங்க. இன்னா கோளாறு?"

"ரேண்டம்ல ஒரு சின்ன இஷ்யூ சார். எடுத்துட்டேன்."

"இனிமே வராதே?"

"வராது சார். இனிமே தப்பா... இனிமே கரெக்ட்டா வரும்."

உள்ளே கவாலி முடிந்தது. சமீருல்லா அசந்து பார்த்துக்கொண்டிருக்கும்போதே, டீ வண்டி மூலை திரும்பி வருவதற்கு முன்னால் இருநூறு பெண்களும் ஊசியை மேலே தூக்கிவிட்டுக் கை துடைத்துக்கொண்டார்கள். ஜோதி தன் லைனின் கோடியிலிருந்து கணவனைப் பார்த்தாள். பார்த்துவிட்டு, சூப்பர்வைசர் தோரணையில் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஆனால் அடுத்த பாட்டுக்கு அவள் தலை ஆடியதைப் பச்சையப்பன் கண்டார்.

இப்போது சனிக்கிழமைகளில் அவருக்கு அங்கே வேலை இருக்கிறது. பெண்கள் புதுப் பாட்டு கேட்பார்கள். பாட்டு எண்ணிக்கை மாறினால் வரிசையே மாறிவிடும் என்பதால், பழையது ஒன்றை எடுத்துவிட்டுத்தான் புதியதைப் போட முடியும். எடுத்ததும் போடுவதும் ஒரே நீளம் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் டீ தள்ளிப்போகும். ஆகவே கணிப்பொறித்துறைப் பேராசிரியர் சி. பச்சையப்பன், காதில் ஒயரை மாட்டிக்கொண்டு, அந்த மழைப் பாட்டுக்குச் சமமான நீளத்தில் ஒரு குத்துப்பாட்டைத் தேடிக்கொண்டிருக்கிறார். இன்னும் அகப்படவில்லை. போன வாரம் ஒன்று கிட்டத்தட்டப் பொருந்தியது. ஷஹீன் பானு கேட்டுவிட்டு, "நல்லாருக்குது சார், ஆனா ஒரு ஷூவுக்கு லேஸ் கோக்குற நேரம் கம்மியா இருக்குது" என்று திருப்பி அனுப்பிவிட்டாள்.